பேச்சி திரும்பிப் பாக்கல

தாராளமா உக்காருங்க. இந்தப் பையை மட்டும் மேல வைக்க வேண்டாம், நான் மடியில வச்சிக்கிடுதேன். உள்ள ஒரு யானைத் தலை இருக்கு. அட்டையில செஞ்சது. காது ரெண்டும் நேத்துதான் ஒட்டினேன், நசுங்கிரும்.

டீச்சரான்னு கேக்கீங்களா? டீச்சருக்குப் படிக்கேன். ஆமா, முப்பத்தெட்டு வயசுல. எல்கேஜி, யூகேஜி பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கதுக்கு ஒரு வருஷக் கோர்ஸ். கடைசியில மூணு வாரம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துல போய் நெசமான பிள்ளையளுக்கு எடுத்துக் காட்டணும். அந்த மூணு வாரத்துக்குத்தான் சங்கரன்கோவில் போறேன். எனக்கு இது ரெண்டாந்தடவை. எங்க செட்டுல முப்பத்திரண்டு பேரு. ரெண்டாந்தடவை போறது நான் ஒருத்திதான்.

ஏன்னு கேளுங்க. கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். பஸ் கழுகுமலை தாண்டுததுக்குள்ள முடிஞ்சிரும்.

எல்லாம் அந்த ஷைனியாலதான். ஷைனியாலன்னு முழுசாவும் சொல்ல முடியாது. இருங்க, வரிசையாச் சொல்லுதேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் இதுக்கு முன்னால கோவில்பட்டியில நூல் மில்லுல இருந்தேன். பதினேழு வருஷம். நூல் அறுந்தா முடிச்சுப் போடணும், அதான் வேலை. மில்லை மூடிட்டாவ. எங்க வீட்டுக்காரர் அவரு கடையில உக்காரச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். ப்ளஸ் டூவைப் பிரைவேட்டா எழுதிப் பாஸ் பண்ணி, இந்தக் கோர்ஸுல சேந்தேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "ஒரு வருஷம் பாரு செண்பகா. முடியலேன்னா கடைக்கு வந்துரு." முடியலேன்னான்னு ஏன் சொல்லணும்? முடியாதுன்னு முன்னாலயே தீர்மானம் பண்ணிட்டு அனுப்புதாருன்னுதானே அர்த்தம்? எனக்கு அதெல்லாம் உடனே பிடிபட்டுரும்.

போன தடவை எனக்குக் கிடைச்சது ஊருக்குள்ளயே ஒரு நர்சரி. எல்கேஜியில இருபத்திரண்டு பிள்ளைய. ரெண்டு ரெண்டு பேரா அனுப்புவாவ. ஒரு நாள் ஒருத்தி பாடம் எடுக்கணும், மத்தவ பின்னால உக்காந்து பாத்து எழுதணும். மறுநாள் மாத்திக்கிடணும். எனக்கு ஜோடி ஷைனி. இருபது வயசு. நாசரேத்துப் பக்கம். அதிகம் பேச மாட்டா. கேட்டா சிரிப்பா. எனக்கு அதிகம் பேசாதவளைக் கண்டாலே ஆகாது. உள்ள என்ன வச்சிருக்கான்னு தெரியாதுல்லா.

வகுப்பு டீச்சர் பேரு அன்னத்தாய். தங்கமானவங்க. எங்க ரெண்டு பேர் கையிலயும் வகுப்பைக் குடுத்துட்டு, "இன்னைக்குச் செண்பகவல்லி எடுங்க"ன்னு ஓரமா ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாவ.

நான் மூணு நாளாப் படிச்சுட்டுப் போயிருந்தேன். காக்காப் பாட்டு, காக்கா படம், காக்கா என்ன நிறம், காக்கா எங்க இருக்கும். நாப்பது நிமிஷத்துக்கு லெசன் பிளான். நாலு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. நெசமாச் சொல்லுதேன், மணியைப் பாத்தேன், நாலு நிமிஷம். காக்கா என்ன நிறம்னு கேட்டேன், "கறுப்பு"ன்னு எல்லாமாக் கத்திச்சு, அவ்வளவுதான். அதுக்கு மேல காக்காவப் பத்தி அதுகளுக்கு ஒண்ணும் தெரிஞ்சுக்கிட வேண்டியது இல்ல.

அப்புறம் ஒண்ணு அம்மான்னு ஆரம்பிச்சுது. ஒண்ணு அழுதா போதாதா? பக்கத்துல இருந்தது, அதுக்குப் பக்கத்துல இருந்தது, எல்லாம். ஒருத்தன் செருப்பை மாட்டிட்டு வாசலுக்குப் போயிட்டான். ஒரு பிள்ளை எஞ்சேலை முந்தியில மூக்கைத் துடைக்கு. இன்னொண்ணு அன்னத்தாய் டீச்சர்கிட்டப் போய், "இந்த டீச்சர் போட்டும்"னு சொல்லுது. எங்காது கேக்கச் சொல்லுது.

திரும்பிப் பாக்கேன், ஷைனி பின் பெஞ்சுல உக்காந்து எழுதுதா. எழுதத்தான் வேணும், இல்லேங்கல. காலேஜுல குடுத்த நோட்டு ஒண்ணு உண்டு, நீல அட்டை போட்டது. ஆனா அவ எழுதுனது அதுல இல்ல. சின்னதா, உள்ளங்கை அகலத்துல, சிவப்பு அட்டை போட்ட வேற நோட்டு. நான் பாக்கேன்னு தெரிஞ்ச உடனே மூடுதா.

அன்னைக்கே எனக்குள்ள சந்தேகம் விழுந்துட்டு. இது எதுக்கு ரெண்டாவது நோட்டு?

மறுநாள் அவ முறை. என்ன பாடம் எடுத்தாங்கீங்க? ஒண்ணும் எடுக்கல. மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டா. பேசாம. கையில ஒரு பெட்டி, உள்ள என்னத்தையோ எட்டி எட்டிப் பாக்கா. ரெண்டு பிள்ளைய போச்சு. அப்புறம் அஞ்சு போச்சு. கொஞ்ச நேரத்துல வகுப்பு பூராவும் மேசைக்கு அடியில. பெட்டிக்குள்ள என்னன்னா, நாலு புளியங்கொட்டை. அதை வச்சு ஒரு மணி நேரம் ஓட்டிட்டா. ஒரு பிள்ளையும் அழல. அன்னத்தாய் டீச்சர் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சு வந்து பாக்காவ.

இதை எவளோ முன்னாலயே சொல்லிக் குடுத்திருக்கான்னுதான் நினைச்சேன். சும்மா எப்படி வரும்? எங்க காலேஜுல கலாவதி மேடம்தான் எல்லாத்துக்கும் பெரியவங்க. மார்க்கு அவங்க கையிலதான். ஷைனி அவங்களுக்குச் சொந்தமோ, சர்ச் பழக்கமோன்னு ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன். அப்படி ஒண்ணும் இல்லேன்னாவ. மறைக்காவளோன்னு இருந்துச்சு.

அந்த வகுப்புல ஒரு பிள்ளை. பேரு பேச்சியம்மா. இப்ப யாரு அப்படிப் பேரு வைக்கா? குலசாமி பேரு. ஆனா வாயே திறக்காது. நாலு வயசு முடியப் போகுது. கூப்பிட்டா வராது. உக்காருன்னா நிக்கும், எந்திரின்னா உக்காந்திருக்கும். பாட்டுக்கு எல்லாம் கையைத் தட்டும்போது ஒரு தட்டு பிந்தித் தட்டும். நாம வேற சோலியில இருந்தா பக்கத்துப் பிள்ளையக் கடிச்சு வச்சிரும். அன்னத்தாய் டீச்சர் சொன்னாவ, "அதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அவங்கம்மாகிட்டப் பிள்ளை கொஞ்சம் மந்தமா இருக்குன்னு ஒரு தடவை சொல்லப் போய், வாசல்ல நின்னு சண்டை போட்டுட்டு, ரெண்டு வாரம் அனுப்பவே இல்லை. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கிறதில்லை."

பிடிவாதம்னா எனக்கு ஒரு வழிதான் தெரியும். எம்பிள்ளைய ரெண்டையும் அப்படித்தான் வளத்தேன். அஞ்சாவது நாளு, பேச்சி ஜன்னலைப் பாத்துட்டு நிக்கா. நான் பின்னால இருந்து கூப்பிடுதேன், கூப்பிடுதேன், ஏழெட்டுத் தடவை. திரும்பிப் பாக்கல. மத்த பிள்ளைய என்னைப் பாத்துச் சிரிக்கு. நேராப் போய் அது காதைப் பிடிச்சுத் திருகினேன். லேசாத்தான். "கூப்பிடுதேன்லா? காது என்ன செவிடா?"

பிள்ளை என் முகத்தைப் பாத்து வீல்னு கத்திச்சு.

ஷைனி எழுதுதா. சிவப்பு நோட்டுல.

அன்னையில இருந்து எனக்குப் பாடம் எடுக்கவே ஓடல. எல்கேஜி பிள்ளையளவிட அந்தப் பேனாவைத்தான் பாத்துட்டு இருந்தேன். நான் என்ன சொன்னா எழுதுதா, எப்ப நிறுத்துதான்னு. அது போதாதுன்னு ஏழாவது நாள் ஒரு காரியம் பண்ணினா. அன்னைக்கு என் முறை. கதை சொல்லிட்டு இருக்கேன். கதை மட்டும் எனக்கு நல்லா வரும், பெருமைக்குச் சொல்லல. மில்லுல மிஷின் சத்தத்துல பேசிப் பழகின வாயி. வாயை அகலத் திறந்து, கையைக் காட்டி, கண்ணை உருட்டித்தான் அங்க ஒருத்திக்கு ஒருத்தி பேச முடியும். அப்படியே கதையும் சொல்லுவேன். அன்னைக்குத்தான் மொத மொதலா பிள்ளைய எல்லாம் அசையாம உக்காந்திருக்கு. யானை கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குது. அந்த நேரம் பாத்து, டமார்னு ஒரு சத்தம்.

ஷைனி பின்னால ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கீழ போட்டிருக்கா.

எல்லாப் பிள்ளையும் துள்ளி விழுந்து திரும்பிட்டு. ரெண்டு அழ ஆரம்பிச்சிட்டு. பேச்சி மட்டும் திரும்பல. என் வாயையே பாத்துட்டு, யானை எங்கேங்கிற மாதிரி உக்காந்திருக்கா. அது கூட எனக்கு அப்ப உறைக்கல பாத்துக்கிடுங்க. நான் பாத்தது ஷைனிய. "சாரிக்கா, கைதவறிட்டு"ன்னா. கைதவறின தட்டை எடுக்கணும்லா? எடுக்கல. மொதல்ல நோட்டை எடுத்து எழுதுதா.

எங்கதையக் கெடுக்கணும்னு வேணும்னே போட்டுட்டு, கெட்டுப் போச்சுன்னு எழுதவும் செய்யுதாளே!

அன்னைக்கு மத்தியானம் அவ பிள்ளையளுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தா. அவ பை ஆணியில தொங்குச்சு. நான் பாத்துட்டு வச்சிருவோம்னுதான் நோட்டை எடுத்தேன். சத்தியமா. எடுத்துட்டுப் போய்த் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு விரிச்சேன்.

எல்லாம் பேச்சியப் பத்தி.

தேதி போட்டு, மணி போட்டு எழுதியிருக்கா. பின்னால இருந்து கூப்பிட்டேன், திரும்பல. முன்னால போய்க் கூப்பிட்டேன், சிரிச்சா. வலப்பக்கம் கைதட்டினேன், திரும்பல. இடப்பக்கம் ரொம்பப் பக்கத்துல தட்டினேன், லேசா அசைஞ்சா. 'கூப்பிட்டா வராது, கையைக் காட்டினா வரும்.' 'பிடிவாதம் இல்லை. காது கேக்கலைன்னு தோணுது. அம்மா சண்டை போடுவாங்க. பத்து நாள் எழுதி, உறுதியான பிறகு டீச்சர்கிட்டச் சொல்லணும்.' இதெல்லாம் படிச்சேன். பக்கத்தைத் திருப்பினா என் பேரு. 'செண்பகா அக்கா காதைப் பிடிச்சுத் திருகினாங்க. சத்தம் போட்டாங்க. பேச்சி சத்தத்துக்கு அழல. அக்கா முகத்தைப் பார்த்து அழுதா.'

அதுக்கு மேல நான் படிக்கல. என் பேரைப் பாத்த உடனே மூடிட்டேன். இதை மேடம் பாத்தா எங்கதி என்ன? பிள்ளைய அடிச்சவன்னு ஒரு வார்த்தை போதும், வீட்டுக்கு அனுப்பிருவாவ. கடைக்கு வந்துருன்னு ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரே. மணி அடிச்சிட்டு. நோட்டை என் பைக்குள்ள போட்டுட்டேன்.

சாயங்காலம் ஷைனி தேடினா. பையக் கொட்டினா, பெஞ்சுக்கு அடியில பாத்தா, குப்பைத் தொட்டியக் கவுத்துப் பாத்தா. அழுகை வந்துட்டு. "அக்கா, நீங்க பாத்தீங்களா?"ன்னா. "என்ன நோட்டு?"ன்னு கேட்டுட்டு நானும் கூடச் சேந்து தேடினேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அழுகையப் பாத்தா எனக்கு இன்னொண்ணும் தோணுச்சு. நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சு, என் வாயைப் பிடுங்கத்தான் அழுதாளோ?

ரெண்டு நாள் கழிச்சுக் கலாவதி மேடம் வந்தாவ. நாங்க எப்படிப் பாடம் எடுக்கோம்னு பாக்கதுக்கு. எல்லாம் பாத்துட்டு, எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு ஒரு கேள்வி கேட்டாவ. "இந்த வகுப்பிலே தனியாக் கவனிக்க வேண்டிய பிள்ளை யாரு? ஏன்?"

ஷைனி வாயைத் திறக்கதுக்குள்ள நான் சொல்லிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லல. எங்க அவ முந்திச் சொல்லி, அப்படியே காதைத் திருகினதையும் சொல்லிருவாளோன்னு பயம். "பேச்சியம்மா மேடம். அந்தப் பிள்ளை கூப்பிட்டா வராது, கையைக் காட்டினா வரும். பிடிவாதம் இல்ல மேடம், காதுதான் கேக்கலைன்னு தோணுது."

மேடம் முகம் மாறிட்டு. அவங்களே போய்ப் பேச்சிக்குப் பின்னால நின்னு கைதட்டிப் பாத்தாவ. சாவியைக் குலுக்கிப் பாத்தாவ. திரும்பி வந்து என் தோளைப் பிடிச்சாவ. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ரெண்டு மூணு பேரைத்தான் இப்படிப் பாத்திருக்கேன் செண்பகவல்லி. இதுதான் ஆசிரியர் கண்ணு." அன்னத்தாய் டீச்சர் பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டாவ.

அப்புறம் ஷைனியப் பாத்து, "நீயும் இதே வகுப்பிலதானே இருக்கே? உனக்கு ஒண்ணும் தெரியலையா?"ன்னு கேட்டாவ.

ஷைனி என்னையப் பாத்தா. நான் சுவத்துல தொங்குன ஆனா ஆவன்னா சார்ட்டைப் பாத்தேன்.

"அக்கா சொல்றது சரி மேடம்"னா. "பிள்ளைய சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்ல. ஏன் சொல்லல? எதுக்குப் பதுங்குதா? எப்ப பாய்வா?

சாயங்காலம் பேச்சியோட அம்மா வந்தா. மாரிச்செல்வி. கடலை மிட்டாய்க் கம்பெனியில வேலை. மேடமே பேசினதால சண்டை போடல, ஆனா மூஞ்சி கல்லாயிட்டு. ஷைனி எங்கிட்ட வந்து, "நாளைக்கு இவங்க கூட நான் போகவா அக்கா, நீங்க போறீங்களா?"ன்னா. பாத்தீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பேரை இவ வாங்கிக்கிடலாம்னு. "நான் போறேன்"னு சொல்லிட்டேன்.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி. ஒரு சின்ன ரூம். நடுவுல கண்ணாடி. இந்தப் பக்கம் பேச்சிய உக்கார வச்சு, காதுல ஒண்ணை மாட்டி, கையில நாலஞ்சு பாசிமணியும் முன்னால ஒரு கிண்ணமும் குடுத்தாவ. சத்தம் கேக்கும்போதெல்லாம் ஒரு மணியைக் கிண்ணத்துல போடணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் பொண்ணு. பேச்சி போட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மாரிச்செல்வி எங்கையப் பிடிச்சுக்கிட்டா, "கேக்கு டீச்சர், கேக்கு பாருங்க"ன்னு. எனக்கும் ஐயோ தப்பாச் சொல்லிட்டமோன்னு ஆயிட்டு.

அந்த டாக்டர் பொண்ணு கவனிச்சிட்டா. பிள்ளை டாக்டர் முகத்தைப் பாத்துல்லா போடுது! சத்தம் குடுக்கும்போது டாக்டர் புருவம் லேசாத் தூக்குதாம், அதைப் பாத்துப் போடுது. ஒரு பேப்பரை எடுத்து முகத்தை மறைச்சுக்கிட்டா.

அவ்வளவுதான். பேச்சி மணியக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கா. அங்க சத்தம் குடுக்காவ, கூட்டிக் கூட்டிக் குடுக்காவ, வெளிய நிக்க எங்களுக்கே லேசாக் கேக்கு. பேச்சி கையில மணி அப்படியே இருக்கு. எப்ப போடச் சொல்லுவீங்கன்னு பேப்பரையே பாத்துட்டு இருக்கா.

மாரிச்செல்வி சுவரோட சாஞ்சு அப்படியே உக்காந்துட்டா. "கூப்பிட்டா வர மாட்டேங்காளேன்னு எத்தனை அடி அடிச்சிருக்கேன் டீச்சர். விளக்குமாத்துல அடிச்சிருக்கேன். ஏன் அடிக்கேன்னு கூடத் தெரியாம அடி வாங்கியிருக்காளே." அப்புறம் எங்காலைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க மட்டும் கண்டுபிடிக்கலேன்னா இன்னும் அடிச்சிட்டே இருந்திருப்பேன்."

அவளை எந்திரிக்கச் சொல்லணும். எனக்குக் குனிய முடியல. நான் திருகினது அதே காதைத்தானேன்னு அது மட்டும்தான் ஓடுச்சு. எந்தக் காதுன்னு கூட ஞாபகம் வரல.

காதுக்கு மிஷின் வச்சா ஓரளவு கேக்கும்னாவ. எழுதிக் குடுத்தாவ. ரெண்டு வாரத்துல வந்துட்டு.

டீச்சிங் பிராக்டிஸ் கடைசி நாள், பஸ் ஸ்டாப்புல நான் ஷைனிகிட்டக் கேட்டேன். எத்தனை நாள்தான் நான் பயந்துட்டே இருக்கது? "அன்னைக்கு மேடம் கேட்டப்ப ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

அவ என்னைய நேராப் பாத்தா. சிரிக்கல. "நோட்டை நீங்கதான் எடுத்தீங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது அக்கா. 'கூப்பிட்டா வராது, கையைக் காட்டினா வரும்.' அது நான் எழுதின வரி. ஒரு வார்த்தை மாத்தாமச் சொன்னீங்க."

நான் பஸ் வருதான்னு ரோட்டைப் பாத்தேன். அவ விடல.

"நானும் பேசியிருந்தா ரெண்டு பேருக்கும் சண்டைன்னு ஆகியிருக்கும். மேடம் அதைத்தான் விசாரிச்சிருப்பாங்க, பிள்ளைய இல்லை. நீங்க சொன்னதை நம்பினாங்க. பிள்ளைக்கு வேலை நடக்கட்டும்னு விட்டேன்." பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, "உங்களை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க. இனிமே உங்க கூட ஒரே பெஞ்சுல உக்கார மாட்டேன்"ன்னா. அவ பஸ் வந்துச்சு, ஏறிட்டா.

அப்பவும் எனக்குச் சந்தேகம் போகல. எங்க வச்சு என்னையக் கவுக்கப் போறான்னுதான் நினைச்சேன்.

அடுத்த வாரம் காலேஜுல கூட்டம். எல்லாச் செட்டும் உக்காந்திருக்கும், செண்பகவல்லி பேச்சியம்மாவைப் பத்திப் பேசணும், அப்சர்வேஷன் நோட்டையும் காட்டணும்னு மேடம் உத்தரவு போட்டுட்டாவ. எங்கிட்ட ஏது நோட்டு? ஞாயித்துக்கிழமை பகல்ல வீட்டுல உக்காந்து, அந்தச் சிவப்பு நோட்டைப் பாத்து என் கையெழுத்துல நீல நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? மூணு பக்கம் எழுதிட்டேன். அப்புறம் என் பேரு வந்துச்சு. எங்கையால நானே எப்படி எழுத, செண்பகா அக்கா காதைத் திருகினாங்கன்னு? அதை விட்டுட்டு அடுத்த வரிக்குப் போனேன். அன்னைக்குத் தொட்டிக்குப் பின்னால படிக்காத வரி.

'அக்கா கதை சொன்னா பேச்சி அவங்க வாயையே பாக்குறா. தட்டை விழ வச்சும் திரும்பலை. அக்கா வாயைத் திறந்து, கையைக் காட்டிப் பேசுறதால பேச்சிக்குப் பாதி புரியுது. நான் பேசினா ஒண்ணும் புரியல. அக்கா மாதிரி பேசப் பழகணும்.'

நான் பேனாவை வச்சிட்டேன். பதினேழு வருஷம் வாயைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சவ நான். சத்தத்துல காது கேக்காதவ எப்படிப் பாப்பா, எப்படி ஒரு தட்டு பிந்திச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாததா? ஊரு பூராவும் பாத்தவ, அந்தப் பிள்ளையப் பாக்கலையே. பேனாவையே பாத்துட்டு இருந்தேன்.

கூட்டத்துக்கு மேடம் மாரிச்செல்வியையும் பேச்சியையும் வரச் சொல்லியிருந்தாவ. பேச்சி காதுல புது மிஷின். மேடையில என் பக்கத்துல நிறுத்தினாவ. மாரிச்செல்வி மைக்கைப் பிடிச்சு, "இந்த டீச்சர்தான்"னு ஆரம்பிச்சா. பேச்சி என்னைய ஏறிட்டுக் கூடப் பாக்கல. கூட்டத்தைத் துழாவுதா. கடைசி வரிசையில இருந்து ஷைனி ஒரு கையைத் தூக்கினா, அவ்வளவுதான். பிள்ளை மேடைய விட்டு இறங்கி ஒரே ஓட்டமா ஓடி அவ மடியில ஏறிட்டு. எல்லாரும் திரும்பிப் பாக்காவ. கலாவதி மேடமும் பாக்காவ.

நான் பையில இருந்து சிவப்பு நோட்டை எடுத்து மேடம் கையில குடுத்தேன். "இது ஷைனியோடது மேடம். நான் எடுத்து ஒளிச்சு வச்சேன். கண்டுபிடிச்சது அவதான். நான் அந்தப் பிள்ளை காதைத் திருகினேன். அதுவும் இதுல இருக்கு."

நல்ல மனசுன்னு நினைச்சிராதீங்க. பிள்ளை ஓடினதைப் பாத்த பிறகு இனி எப்படியும் தெரிஞ்சிரும்னு பயந்துதான் குடுத்தேனோ, என்னவோ. எனக்கே நிச்சயமாத் தெரியல. மைக்கு வேற ஆன்ல இருந்திருக்கு.

மாரிச்செல்வி என்னைய ஒரு பார்வை பாத்தா. அதைச் சொல்ல வேண்டாம்.

மேடம் மூணு நாள் எங்கூடப் பேசல. அப்புறம் கூப்பிட்டு, "மூணு வார மார்க்கையும் அடிச்சிட்டேன். வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஷைனி வந்து பேசினா, அதனால அனுப்பலை. மறுபடி போய்ச் செய்யுங்க. பிள்ளை மேல கை பட்டுதுன்னு ஒரு வார்த்தை வந்தா அதோட முடிஞ்சுது"ன்னாவ. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். கடைக்கு வான்னு சொல்லுவாருன்னு பாத்தா, இந்த அட்டைக்குப் பசை காய்ச்சிக் குடுத்தாரு. ஏன்னு கேக்கல நான்.

பேச்சி இப்ப 'ம்மா' சொல்லுதாளாம். சனிக்கிழமை தோறும் ஷைனி அவ வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் குடுக்கா. அன்னத்தாய் டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஷைனி எங்கூடப் பேசுறது இல்ல. சொன்ன மாதிரியே வேற பெஞ்சுக்கு மாறிட்டா.

இன்னைக்குச் சங்கரன்கோவில்ல எனக்குப் புது ஜோடி. அடுத்த செட்டுப் பிள்ளை, அபிராமின்னு பேரு. பாத்ததே இல்ல. நேத்து போன் பண்ணினா. "அக்கா, நீங்க ரொம்ப நல்லாக் கதை சொல்லுவீங்களாமே. உங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிடச் சொன்னாங்க"ன்னா. யாரு சொன்னான்னு கேட்டேன். "ஷைனியக்கா"ன்னா.

ஷைனி எதுக்குச் சொன்னா? எங்கூட ஒரே பெஞ்சுல உக்கார மாட்டேன்னவ, இன்னொருத்திய ஏன் எம்பக்கத்துல உக்காரச் சொல்லணும்? நேத்துல இருந்து புரட்டிப் புரட்டி யோசிக்கேன். அவளுக்கு இதுல என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காதே. ஒண்ணும் கிடைக்காம ஒருத்தி அப்படிச் சொல்லுவாளா?

ஊரு வந்துட்டு, நான் இறங்கணும். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க, காதுல கை படாம. நீங்க வெளி ஆளு, உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, எதுக்குச் சொல்லியிருப்பா?